பெயர் எழுதாத குழாய்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. மனித ரத்தத்திலிருந்து ஆயிரம் செல்களை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ண வேண்டும். கரமனையில் எங்கள் தெரு மாமி ஒருத்தி, "எண்ணி முடிச்சுட்டு என்னடி பண்ணுவே?" என்று கேட்டாள். "அடுத்தவா ரத்தத்தை எண்ணுவேன்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என் வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போதே வாய் நீளம்.

வேலை இதுதான். கதிர்வீச்சு உடம்பில் பட்டால் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் உடையும். உடைந்த துண்டுகள் தானாக ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சில சமயம் ஆள் மாறி ஒட்டிக்கொள்ளும். ஒரு குரோமோசோமுக்கு ஓர் இடுப்புதான் இருக்க வேண்டும். ஆள் மாறி ஒட்டியதற்கு இரண்டு இடுப்பு இருக்கும். அதை டைசென்ட்ரிக் என்போம். ஆயிரம் செல்லில் ஒன்றோ இரண்டோ யாருக்கும் இருக்கலாம். அதற்கு மேல் போனால், இந்த ஆளுக்கு எவ்வளவு கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம். சட்டையில் குத்தும் பேட்ஜ் தொலையும், நனையும், வேறு எங்காவது மாட்டிக் கிடக்கும். ரத்தத்தைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியாது என்று எங்கள் டாக்டர் சொல்வார். திருநெல்வேலிக்காரர், எங்கள் பிரிவின் தலைவர். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று.

அந்த இரண்டு பெண்களும் வந்தது வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை காலை. சின்னவளுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரி. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், புற்றுநோய் வார்டில் நர்ஸ். மற்றவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, சாதாரண வாயில் புடவை, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் ஃபிளாஸ்க். துணைக்கு வந்தவள் என்று பார்த்ததும் தெரிந்தது. சின்னவள் அவளைச் சேச்சி என்றுதான் கூப்பிட்டாள்.

சின்னவளின் கையில் மருத்துவமனையின் கடிதம் இருந்தது. அந்த வார்டில் கர்ப்பப்பைப் புற்றுநோய்க்காரிகளுக்கு விரல் நுனி அளவுள்ள கதிர்வீச்சுக் குழல்களை உடம்புக்குள் வைத்துச் சிகிச்சை செய்வார்கள். அன்றைக்கு அங்கே அதற்கு மெஷின் கிடையாது. நீண்ட இடுக்கியால் ஈயப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் நர்ஸ்களின் வேலை, முறை போட்டுச் செய்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் பேட்ஜில் இருக்கும் ஃபிலிமை வெளியூருக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். இந்தத் தடவை சின்னவளின் ஃபிலிம் அளவுக்கு மீறிக் கறுத்திருந்தது. ரத்தத்தையும் பார்த்துச் சொல்லும்படி கடிதம் கேட்டது.

கடிதத்தில் இல்லாத ஒன்றை அவளே சொன்னாள்.

"மேடம், எனக்கு இப்ப வயித்துல பத்து வாரமாக்கும். ஒம்பது வருசம் களிஞ்சு கிட்டினது. முன்னால ரெண்டு நிக்காம போச்சு. இந்த ஃபிலிம் உள்ளதுதான்னா வச்சிருக்கண்டாம்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. பன்னெண்டு வாரத்துக்குள்ள கலைக்கணும்லா. அடுத்த வெள்ளிக்கிழமை நாள் தந்திருக்கு."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ரத்தத்தை இரண்டு நாள் வளர்க்க வேண்டும். பிறகு ஸ்லைடு, சாயம், எண்ணிக்கை. எல்லாம் சேர்த்து ஒன்பது பத்து நாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடிப்பது கழுத்தைப் பிடிக்கிற வேலை. உள்ளேயிருந்து டாக்டர் வந்து அவளிடம் ஒன்று மட்டும் தெளிவாகச் சொன்னார். "பிளட்ல ஒண்ணும் தெரியலைன்னா, குழந்தை விஷயத்துல பயப்படற அளவு டோஸ் இல்லைன்னு நான் எழுதித் தர்றேன். ஆனா தெரிஞ்சா, தெரிஞ்சதுன்னுதான் எழுதுவேன்." அவள் தலையை ஆட்டினாள். ஆக, என் எண்ணிக்கையில்தான் ஒரு குழந்தை இருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

அன்றைக்குப் பார்த்து ஒரு தகராறு. ஒவ்வொரு சோதனையோடும், கதிர்வீச்சின் பக்கமே போகாத ஓர் ஆளின் ரத்தத்தையும் சேர்த்து வளர்ப்போம். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். இரண்டையும் ஒரே மாதிரி வளர்த்து, ஒரே மாதிரி எண்ணினால்தான் எண்ணிக்கைக்கு மதிப்பு. பெண்ணுக்குப் பெண் வேண்டும். வழக்கமாக எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட்தான் கையை நீட்டுவாள். அவளுக்கு அன்று வைரல் காய்ச்சல். காய்ச்சல்காரி ரத்தம் ஆகாது. நான் முந்தைய மாதம்தான் பல்லுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்திருந்தேன், நானும் ஆகாது. "நாளைக்கு வாங்க" என்று சொல்ல டாக்டர் வாயெடுத்தார்.

"நாளைக்கா? ஒரு திவசம், ஒரு முழு நாள் போவுமல்லோ" என்று பெரியவள் கூடையைக் கீழே வைத்தாள். "என்டெ ரத்தம் எடுத்தா மதியா, போதுமா? எனக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்ல. பீடி சிகரெட்டும் இல்ல."

"நீங்களும் நர்ஸா?" என்று கேட்டேன்.

"இல்ல. ரெக்கார்ட்ஸ்ல."

கேஸ்ஷீட் அடுக்குகிற பிரிவு. கதிர்வீச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று உட்காரவைத்து ஊசி போட்டேன். நரம்பைத் தேட வேண்டிய வேலையே இல்லை, அவளே முஷ்டியை மடக்கி, சரியான இடத்தில் விரலால் தட்டிக் காட்டினாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னவளின் குழாயில் பெயர், வயது, தேதி எல்லாம் எழுதினேன். பெரியவளின் குழாயில் எங்கள் வழக்கப்படி 'சி' என்று ஓர் எழுத்து மட்டும். கண்ட்ரோலுக்கு நாங்கள் பெயர் எழுதுவதில்லை. அவள் பெயரை நான் கேட்கக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழையில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ரத்தச் செல்கள் உடம்புச் சூட்டில் இருந்தால்தான் பெருகும். இன்குபேட்டரின் முள் இறங்க ஆரம்பித்தது. ஸ்டவ்வில் வெந்நீர் போட்டு பாட்டில்களில் நிரப்பி, தெர்மோகோல் பெட்டிக்குள் அடுக்கி, நடுவில் ரத்தம் வளர்கிற இரண்டு கல்ச்சர் புட்டிகளையும் வைத்து, ஒரு தெர்மாமீட்டரைச் செருகினேன். முப்பத்தேழில் நிற்க வேண்டும். ஏறினால் மூடியைத் திறப்பதும் இறங்கினால் வெந்நீரை மாற்றுவதுமாக மூன்றரை மணி நேரம். டாக்டர் அன்று வேறொரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

கரண்ட் வந்த பிறகு புட்டிகளை வெளியே எடுத்தேன். ஈரத்தில், லேபிளாக ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஊறி, மேலே எழுதியிருந்த மசி கரைந்திருந்தது. இரண்டிலும் நீலக் கறைதான் மிச்சம். இடது பக்கம் நர்ஸ், வலது பக்கம் கண்ட்ரோல் என்று வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. புது பிளாஸ்டர் ஒட்டி, அப்படியே எழுதினேன். வெந்நீர் மாற்றும்போது பெட்டியை ஒருமுறை சுற்றித் திருப்பிவைத்தேனா என்று பிறகு யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றியது. டாக்டரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்பார், வெள்ளிக்கிழமை போய்விடும். அது மட்டுமில்லை. எனக்குத் திட்டு வாங்கப் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை ஸ்லைடுகள் தயாராயின. டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, லேபிள்களை உரித்து, எண் ஒட்டினார். பதினேழு, பதினெட்டு. எது யாருடையது என்று எழுதிய சீட்டைக் கவரில் போட்டு ஒட்டி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். எண்ணுகிற ஆளுக்கு அது தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அவர் ஒரு மைக்ராஸ்கோப்பில், நான் ஒரு மைக்ராஸ்கோப்பில், ஆளுக்குப் பாதி.

எண்ணுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஸ்லைடை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் நாற்பத்தாறு குரோமோசோமும் சிதறிக் கிடக்கும், தரையில் கொட்டிய கிராம்பு மாதிரி. முதலில் நாற்பத்தாறு இருக்கிறதா என்று எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் இடுப்பையும் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் கையிலிருக்கும் கவுண்டரை ஓர் அமுக்கு. அடுத்தது. சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது, முன் சீட்டுக்காரியின் ஜாக்கெட் பூவைக்கூட எண்ணிக்கொண்டிருப்பேன்.

பதினேழு சமர்த்தாக இருந்தது. பதினெட்டில் வெள்ளிக்கிழமை காலையே ஒன்று வந்தது. இரண்டு இடுப்பு, பக்கத்தில் துண்டு ஒன்று. சந்தேகமே வேண்டாம். ஒன்றுதானே, யாருக்கும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை இரண்டாவதும் மூன்றாவதும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்து உட்கார்ந்தேன், நான்காவது. டாக்டர் தன் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆனால் பதினெட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நாற்காலியை மைக்ராஸ்கோப்புக்கு இன்னும் அருகில் இழுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தமே போதும்.

இரண்டே ஸ்லைடு. ஒன்று சுத்தம், ஒன்று மோசம். ஒருத்தி கதிர்வீச்சு வார்டு நர்ஸ், மற்றவள் கேஸ்ஷீட் அடுக்குகிறவள். கவரைப் பிரிக்காமலே யாரது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பதினெட்டின் ஒவ்வொரு செல்லையும் அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டே பார்த்தேன். இதில் இருக்கக்கூடாது, இதில் இருக்கக்கூடாது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே.

சின்னவள் தினமும் மூன்று மணிக்கு பூத்திலிருந்து போன் செய்வாள். "முடியல, இன்னும் இருக்கு" என்று வைத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமையும் மணி அடித்தது. அன்று காலைதான் பதினெட்டில் என் பங்குக்கு ஐந்தாவது கிடைத்திருந்தது.

"ஆச்சா மேடம்?"

"நாளைக்குக் காலம்பற முடிஞ்சுடும்."

"பாத்த மட்டும் கொள்ளாமா மேடம்? நல்லா இருக்குல்லா?"

நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வது என்று தேடினேன். பிறகு, "ஆத்துல... வீட்டுல இப்ப உங்க கூட யாரானும் இருக்காளா?" என்று கேட்டுவிட்டேன்.

 

"நானும் நர்ஸாக்கும் மேடம்" என்றாள். "நாங்க இதக் கேட்டுட்டுத்தான் கெட்ட சேதி சொல்லுவோம்."

போனை வைத்துவிட்டாள். என்னைப் போல ஒரு முட்டாள் இந்த ஊரில் இருக்க மாட்டாள். கவர் பிரிக்கவில்லை, எண்ணி முடிக்கவில்லை, அதற்குள் ஒருத்திக்குத் தீர்ப்புச் சொல்லியாயிற்று. அவளுக்குத் திரும்பப் போன் செய்யலாமென்றால் பூத் நம்பர் தெரியாது. கடிதத்தில் பக்கத்து வீட்டு நம்பர் இருந்தது. அதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் கடைசி செல். இருவர் தாளையும் சேர்த்துப் பார்த்தால் பதினேழில் ஆயிரத்துக்கு ஒன்று. பதினெட்டில் ஒன்பது. டாக்டர் இழுப்பறையைத் திறந்து கவரைக் கிழித்தார். சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பதினேழுதான் நர்ஸ்" என்றார்.

"அப்போ பதினெட்டு?"

"கண்ட்ரோல்."

கண்ட்ரோலுக்கு ஒன்பது வரவே வராது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "டியூப் மாறிடுச்சாம்மா?"

அப்போதுதான் சொன்னேன். டிரான்ஸ்ஃபார்மர், தெர்மோகோல் பெட்டி, கரைந்த மசி, ஞாபகத்திலிருந்து எழுதியது, எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ரெண்டு பேருகிட்டயும் மறுபடி பிளட் எடுக்கணும்" என்றார் அமைதியாக. "ஆணும் பெண்ணுமா இருந்தா ஒய் குரோமோசோமை வெச்சுப் பிரிச்சிருக்கலாம். இப்ப இந்த ரெண்டுல எது யாரோடதுன்னு ஸ்லைடைப் பாத்துச் சொல்ல முடியாது. இன்னும் பத்து நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமை, டாக்டர்."

"தெரியும்மா."

பக்கத்து வீட்டு நம்பரை மறுபடி சுழற்றினேன். இந்தத் தடவை ஓர் அம்மாள் எடுத்தாள்.

"அவ காலம்பறயே போயாச்சே. நேத்து போன் பண்ணிட்டு வந்ததுலேர்ந்து ஒரே அழுகையும் கரச்சிலும். வெள்ளிக்கிழமை வரை காக்க மாட்டேன், இன்னைக்கே செய்துடணும்னு. பதினோரு மணிக்காக்கும். பழவங்காடிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோம் உண்டல்லோ, அங்க."

"தனியாவா போனா?"

"இல்ல, அவ கூட அந்த வார்டிலே ஜோலி செய்யும் மூத்த சிஸ்டர் உண்டு. ஒரு ஃபிளாஸ்க்கும் கூடையுமா வருமே, அவங்கதான்."

ரிசீவரை வைத்தேன். வார்டில் வேலை செய்யும் சிஸ்டர். ரெக்கார்ட்ஸ் இல்லை. முஷ்டியை மடக்கி நரம்பைத் தட்டிக் காட்டிய விரல் ஞாபகம் வந்தது. அப்படியானால் குழாய் மாறவில்லை. மாறவில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்துத்தானே நேற்று ஒருத்தியை அழ வைத்தேன். ஃபிலிம் கறுத்தது சின்னவளுடையது. ரத்தம் கெட்டது பெரியவளுடையது என்கிறது சீட்டு. இரண்டும் எப்படிச் சேரும்? அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அந்த நர்சிங் ஹோமின் நம்பரும் எங்களிடம் இல்லை. "அவங்க வாயால சொன்னா நான் கையெழுத்துப் போடறேன், ஓடு" என்றார் டாக்டர்.

ஆட்டோவில் ஏறும்போது பத்தே முக்கால். கிழக்கே கோட்டைக்கு வந்ததும் வண்டி அசையாமல் நின்றது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வந்த கூட்டம், சபரிமலைக்குப் போகிற ஒரு பஸ், குறுக்கே ஒரு லாரி. ஆட்டோக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவனையும் லாரிக்காரனையும் பிள்ளையாரையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு, இறங்கி மழையில் ஓடினேன். தேங்காய்ச் சில்லில் வழுக்கி ஒரு முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். நர்சிங் ஹோம் படியேறும்போது கூடத்துக் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

பெரியவள் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் கூடை.

"அவ எங்கே?" என்றேன்.

"உள்ள. உடுப்பு மாத்தி இருத்தியாச்சு. டாக்டரம்மா ஒரு சிசேரியன்ல இருக்கா, அது களிஞ்சா இவதான்." என் நனைந்த புடவையைப் பார்த்து எழுந்தாள். "எந்தா மேடம்?"

எனக்கு மூச்சு வாங்கியது. மெதுவாகக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வாய் அதன் இஷ்டத்துக்குத்தான் பேசியது. "நீங்க ரெக்கார்ட்ஸா? எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னேள்? எந்த ரத்தம் யாரோடதுன்னு தெரியாம அங்க நாங்க மண்டையை உடைச்சுண்டிருக்கோம். ஒரு ரத்தம் சுத்தமா இருக்கு, ஒண்ணு கெட்டுப்போயிருக்கு. சுத்தமா இருக்கறது அவளோடதுன்னு சீட்டு சொல்றது. அது நிஜமா இல்லையான்னு உங்களுக்குத்தான் தெரியும். இப்பவே சொல்லணும்."

அவள் என் கையைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள். "சுத்தம் அவளோடதா?"

"நீங்க சொல்லுங்கோ."

"அவளோடதுதான்" என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். "அவ அந்தக் குழல் எடுக்குற ரூம்ல கேறவே இல்ல மேடம், உள்ள கால் வைக்கல. ஒண்ணர மாசமா நான் கேற்றல."

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, உள் கதவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவள் வேகமாகச் சொன்னாள். காலையில் வாஷ்பேசினில் சின்னவள் வாந்தி எடுக்கும்போதே தனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. "மூணு மாசம் ஆவாம வெளிய சொல்லக்கூடாதல்லோ. ரெண்டு தடவ சொல்லிச் சொல்லித்தான் போச்சுன்னு அவளுக்குப் பயம். மேட்ரன்கிட்ட சொல்லாம வார்டு மாத்தித் தரவும் மாட்டாங்க. நானும் அறிஞ்ச மாதிரி காட்டல. 'உனக்குத் தலைசுத்தல், நீ டிரெஸ்ஸிங் பாரு'ன்னு சொல்லி அவளோட முறையெல்லாம் நான் எடுத்தேன்."

"பேட்ஜ்?"

"ரெஜிஸ்டர்ல முறை அவ பேருலயாக்கும். ரெஜிஸ்டரும் பேட்ஜும் ஒத்து வரல்லன்னா கேள்வி வரும். எங்க வார்டுல எப்பவும் அப்படித்தான். யார் பேருல முறையோ அவங்க பேட்ஜ குத்திட்டுக் கேறணும். வேற ஆள் கேறினாலும் சரி. அவ கோட்டு வாசல்ல தொங்கும், அதுலேர்ந்து எடுத்துக் குத்துவேன், களிஞ்சதும் திரும்ப அங்கயே மாட்டி வைப்பேன். அவளுக்குத் தெரியாது."

எத்தனையோ வார்டுகளிலிருந்து வந்த பேட்ஜ் அறிக்கைகளை நான் ஃபைல் செய்திருக்கிறேன். ஆளுக்குத்தான் பேட்ஜ் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முறைக்குத்தான் பேட்ஜ் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

"ஃபிலிம் ரிப்போர்ட் வந்தன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா ரெண்டு பேரையும் வெளிய தள்ளியிருப்பாங்க. அவ பேட்ஜ நான் போட்டது அவ அறியாமன்னு யாரு நம்புவா? ரத்தம் பாத்தா அவளுக்கு ஒண்ணுமில்லன்னு தன்னால தெரிஞ்சுடும், ஃபிலிம்தான் கேடாச்சுன்னு விட்டுடுவாங்கன்னு நினச்சேன். நேத்து அவ உங்களுக்குப் போன் பண்ணிட்டு வந்து சொன்னதும் எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆச்சு. நான் எடுக்கும்போது அவளும் பக்கத்துல நின்னாளோ, எனக்குத் தெரியாம அவளும் கேறினாளோன்னு. ரத்தம் பொய் சொல்லாதல்லோ. அதான் கூட வந்தேன், மிண்டாம, வாயத் திறக்காம."

"என்கிட்ட ரெக்கார்ட்ஸுன்னு சொன்னது?"

"அன்னைக்கு ஒரு திவசம் போகாம இருக்கத்தான்." கூடையின் காதைத் திருகினாள். "பின்ன, எனக்கும் அறியணும்னு தோணிச்சு. பதினெட்டு வருஷமா அந்த ரூம்ல இருக்கேன். பேர் வச்சு டெஸ்ட் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க."

உள் கதவு திறந்து ஓர் ஆயா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சிசேரியன் முடிந்திருந்தது. நான் பேச்சை அப்படியே விட்டு உள்ளே ஓடினேன். பெரியவள் எனக்கு முன்னால் ஓடினாள், அந்த வயதில், அந்தக் கனத்த உடம்போடு.

சின்னவள் கட்டிலில் பச்சை உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாவற்றையும் முறையாகச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. "உன் ரத்தத்துல ஒண்ணுமே இல்லடி" என்றேன். "நேத்து நான் உளறினது என் தப்பு. ஆயிரத்துல ஒண்ணு. எனக்கே அவ்வளவு இருக்கும்."

அவள் நம்பவில்லை. ஃபிலிம் என்றாள். பெரியவள்தான் கட்டிலருகே போய், என்னிடம் சொன்னதை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். சின்னவள் ஊசி இல்லாத கையால் அவள் தோளில் அடித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி, மூன்றாவது. நான்காவதில் கை அங்கேயே தங்கிவிட்டது.

"சேச்சி, அப்ப எனக்க பிள்ளைக்கு வரேண்டியது முழுக்க ஒங்களுக்கா வந்தது?"

"நீ முதல்ல அந்த உடுப்ப மாத்து" என்றாள் பெரியவள்.

அன்று சாயங்காலம் டாக்டர் கையெழுத்துப் போட்டார். மருத்துவமனையில் பிறகு விசாரணை வந்தது. பெரியவள் எதையும் மறைக்கவில்லை. அவளை அந்த வார்டிலிருந்து எடுத்து, நிஜமாகவே ரெக்கார்ட்ஸில் போட்டார்கள். சின்னவளுக்கு மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. டைப்பிஸ்ட்டுக்குக் காய்ச்சல் விட்டதும் புதிய கண்ட்ரோல் எடுத்து, முழுச் சோதனையையும் மறுபடி செய்தோம். பிளாஸ்டர் கரையாத மசியை நானே கடையில் தேடி வாங்கினேன்.

ஆனால் எனக்கு மறக்காதது, அந்தப் புதன்கிழமைக்கு அடுத்து வந்த திங்கட்கிழமைதான். பெரியவள் தனியாக வந்தாள். கூடை இல்லை, ஃபிளாஸ்க் இல்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் நர்ஸ் என்று தன் கையால் எழுதினாள். அவள் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். குழாயில் அதை முழுதாக எழுதி, நனையாமல் இருக்க மேலே ஒரு டேப்பும் ஒட்டினேன். அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"முன்னால எடுத்ததுல எத்ர கண்டீங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் வந்து சொல்வார் என்று சொல்லியிருக்கலாம். இனி அவளிடம் எதையும் மறைக்க எனக்கு மனசில்லை. "ஒம்பது" என்றேன்.

"எல்லாருக்கும்?"

"ஒண்ணு. மிஞ்சினா ரெண்டு."

அவள் குழாயில் ரத்தம் ஏறுவதை நர்ஸ் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாரமில்ல, போட்டும்" என்றாள். "அது ரெண்டு பேருக்கு உள்ள பங்கல்லோ."

ஊசியை உருவிவிட்டுப் பஞ்சு எடுக்கத் திரும்பினேன். பஞ்சு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. அதற்குள் அவளே கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு, முழங்கையை மடக்கிவைத்திருந்தாள்.